லினக்ஸ் டிரைவரில் ஜிபிஐஓ லைன்கள்: சர்க்யூட் தாளிலிருந்து சோதனை வரை

ஒரு சென்சார் சிப்பின் ரீசெட் காலுக்கு 1 எழுதினால் என்ன நடக்கும்? சிப் ஓடத் தொடங்கும் என்பார் ஒருவர். சிப் முடங்கிவிடும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒருவர் வோல்டேஜைச் சொல்கிறார், மற்றவர் அந்த லைனின் வேலையைச் சொல்கிறார். ஜிபிஐஓ (மென்பொருள் தன் விருப்பப்படி 0 அல்லது 1 எழுதவும் படிக்கவும் கூடிய பொதுப் பயன்பாட்டுக் கால்) நிரலில், அதாவது கோடில், நான் திருத்திய பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்து வந்தவை.

லினக்ஸ் கெர்னல் இதற்கு ஒரு தெளிவான பாகப்பிரிவினை வைத்திருக்கிறது. எந்த வயர் எந்தக் காலில் இருக்கிறது, அதில் எத்தனை வோல்ட் இருந்தால் 'ஆன்' என்பதெல்லாம் போர்டின் விவரம். அது டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள், எங்கே இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில்) இருக்க வேண்டும். 'ரீசெட்டில் வை', 'ரீசெட்டை விடு' என்பது டிரைவரின் வேலை. டிரைவருக்கு லைன் எண்ணும் தெரியக் கூடாது, வோல்டேஜும் தெரியக் கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஐ2சி பஸ்ஸில் (சிப்கள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் வழி) உட்காரும் ஒரு சென்சாரை வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று லைன்கள். ரீசெட் ஒரு அவுட்புட். 0 வோல்ட்டில் சிப் ரீசெட்டில் இருக்கும். பவர் எனேபிள் இன்னொரு அவுட்புட். சில போர்டுகளில் இது இருக்காது, சிப்புக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும். மூன்றாவது டேட்டா ரெடி, சிப்பிலிருந்து நமக்கு வரும் இன்புட். செயல்பாடுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கோடு இருக்கும் இடத்தில் கோடிலும் அடிக்கோடு உண்டு.

முதலில் சர்க்யூட் தாள்

எடிட்டரைத் திறப்பதற்கு முன் சர்க்யூட் தாளையும், ப்ராசஸர், சென்சார் இரண்டின் டேட்டாஷீட்டையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி வோல்டேஜ். ப்ராசஸரின் லைன் 1.8 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா? சென்சார் எவ்வளவு தாங்கும்? ராஸ்பெரி பை போர்டின் ஜிபிஐஓ லைன்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. அவற்றில் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சிப் கெட்டுப்போகும். இதை எந்தக் கோடாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது எண். அதே ராஸ்பெரி பையின் 40 கால் இணைப்பில் 11ஆம் கால் என்பது ஜிபிஐஓ 17. கால் எண் வேறு, ஜிபிஐஓ எண் வேறு. டிவைஸ் ட்ரீயில் வருவது இரண்டாவது எண்தான், அதுவும் அந்த ஜிபிஐஓ சிப்புக்குள் எத்தனையாவது லைன் என்ற கணக்கில்.

அப்புறம் புல்-அப், அதாவது லைனை மேல் வோல்டேஜுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர். லைனை யாரும் இழுக்காத நேரத்தில் அது எந்த நிலையில் நிற்க வேண்டும்? போர்டில் ரெசிஸ்டர் இருக்கிறதா, அல்லது ப்ராசஸருக்குள் இருக்கும் புல்-அப்பை இயக்க வேண்டுமா? ரீசெட் லைன் என்றால் இது மிக முக்கியம். போர்டுக்கு மின்சாரம் வந்ததிலிருந்து நம் டிரைவர் ஏறும்வரை பல விநாடிகள் ஆகலாம். அதுவரை அந்த லைனைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ரெசிஸ்டர் மட்டும்தான்.

டிவைஸ் ட்ரீயில் எழுதுவது

சென்சாரின் நோடுக்குள் ரீசெட் லைன் இப்படி வரும்:

ரீசெட்-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ1 5 ஜிபிஐஓ_ஆக்டிவ்_லோ>;

மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன: எந்த ஜிபிஐஓ சிப், அதில் எத்தனையாவது லைன், எந்த நிலையில் இந்தச் சிக்னல் 'ஆன்'. நம் சிப் 0 வோல்ட்டில் ரீசெட் ஆவதால் ஆக்டிவ் லோ. பவர் எனேபிளுக்கு ஆக்டிவ் ஹை. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்து சிக்னலைத் தலைகீழாக்கினால், அந்த மாற்றத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். டிரைவரைத் தொடவே கூடாது. ஒரே சென்சாரை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகப் போர்டில் வைத்தாலும் ஒரே டிரைவர் இரண்டிலும் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

பின் மக்ஸ், அதாவது ஒரு காலுக்கு எந்த வேலை என்ற தேர்வு, பற்றியும் இங்கே ஒரு சொல். ப்ராசஸரின் ஒரு கால் ஜிபிஐஓவாகவும் இருக்கலாம், யூஆர்ட், எஸ்பிஐ போன்ற தகவல் தொடர்பு லைனாகவும் இருக்கலாம். எந்த வேடம் என்பதை பின்கண்ட்ரோல் நோடில் எழுதி, சென்சார் நோடிலிருந்து 'டிஃபால்ட்' என்ற பெயரில் சுட்ட வேண்டும். டிரைவரின் ப்ரோப் (சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் தொடக்கச் செயல்பாடு) அழைக்கப்படுவதற்கு முன்பே கெர்னல் அந்த நிலையை அமைத்துவிடும், அதற்கென டிரைவரில் ஒரு வரியும் வேண்டாம். கோடெல்லாம் சரியாக இருந்தும் காலில் அசைவே இல்லை என்றால் நான் முதலில் திறப்பது இந்த நோடைத்தான்.

லைனைக் கேட்டு வாங்குதல்

பழைய வழி எண்ணை வைத்து நடந்தது. 'ஜிபிஐஓ 17 எனக்கு வேண்டும்' என்று டிரைவர் கேட்கும். 2014 ஜனவரியில் வந்த 3.13 கெர்னலில் டிஸ்கிரிப்டர் முறை வந்தது. இதில் எண் கிடையாது. 'என் ரீசெட் லைனைக் கொடு' என்று பெயர் சொல்லிக் கேட்கிறோம். செயல்பாட்டுப் பெயர்கள் ஜிபிஐஓடி என்று முடிவில் ஒரு டி-யோடு தொடங்குவது அந்த டிஸ்கிரிப்டரால்தான். இணையத்தில் கிடைக்கும் பல பாடங்கள் இன்னும் எண் முறையிலேயே இருக்கின்றன. புதிய டிரைவருக்கு அவற்றைப் பார்த்து எழுத வேண்டாம். ராஸ்பெரி பையில் 6.6 கெர்னலுக்கு மாறியபோது எண்கள் 512இலிருந்து தொடங்கின; 17 என்று எழுதிய இடமெல்லாம் 529 ஆக வேண்டியிருந்தது. பெயர் சொல்லிக் கேட்டவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

சேர்க்க வேண்டிய ஹெடர் லினக்ஸ்/ஜிபிஐஓ/கன்ஸ்யூமர்.எச். ப்ரோபில் அழைக்க வேண்டியது டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட். அதற்கு மூன்று மதிப்புகள் கொடுக்கிறோம்: டிவைஸ், "ரீசெட்" என்ற பெயர், தொடக்க நிலை. பெயரில் '-ஜிபிஐஓஸ்' என்ற வாலைச் சேர்க்கக் கூடாது, கெர்னலே அதை ஒட்டிக்கொள்ளும்.

தொடக்க நிலைக்கு ஜிபிஐஓடி_இன், ஜிபிஐஓடி_அவுட்_லோ, ஜிபிஐஓடி_அவுட்_ஹை என்பவை உண்டு. இங்கே நின்று கவனியுங்கள். அவுட்_ஹை என்பது 3.3 வோல்ட் என்று பொருள் அல்ல. 'இந்தச் சிக்னலை ஆன் நிலையில் தொடங்கு' என்றுதான் பொருள். நம் ரீசெட் ஆக்டிவ் லோ என்பதால், அவுட்_ஹை கேட்டால் காலில் 0 வோல்ட் வரும், சிப் ரீசெட்டில் உட்காரும். நாம் விரும்புவதும் அதுதான். பெயர் குழப்புகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

பவர் எனேபிள் எல்லாப் போர்டிலும் இல்லை என்பதால் அதற்கு டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்_ஆப்ஷனல். டிவைஸ் ட்ரீயில் அந்த லைன் இல்லாவிட்டால் இது நல் (வெற்று) பாயிண்டரைத் திருப்பித் தரும். அந்த நல்லை ஜிபிஐஓடி_செட்_வேல்யூ போன்றவற்றுக்கு அப்படியே கொடுக்கலாம், எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். எனவே ஒவ்வொரு இடத்திலும் 'லைன் இருக்கிறதா' என்று இஃப் போட்டு நிரப்ப வேண்டியதில்லை.

சரி, பிழை வந்தால்? இந்தச் செயல்பாடுகள் பிழையை நல் ஆகத் தருவதில்லை, பிழை எண்ணைப் பாயிண்டருக்குள் மறைத்துத் தருகின்றன. ஐஎஸ்_எர்ர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஆப்ஷனல் வகைக்கும் இந்தச் சோதனை தேவை, ஏனென்றால் 'லைன் இல்லை' என்பது வேறு, 'லைன் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை' என்பது வேறு. வேறு யாரோ அந்த லைனைப் பிடித்திருந்தால் ஈபிஸி வரும். நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது ஈப்ரோப்_டிஃபர். சென்சாரின் ரீசெட் லைன் வேறொரு ஐ2சி எக்ஸ்பாண்டரில் (கூடுதல் ஜிபிஐஓ லைன்கள் தரும் தனிச் சிப்) இருந்து, அந்த எக்ஸ்பாண்டரின் டிரைவர் இன்னும் ஏறவில்லை என்றால் இது வரும். உண்மையில் இது பிழை அல்ல, 'பிறகு மறுபடி வா' என்ற செய்தி. இதை விழுங்கிவிடாமல் அப்படியே திருப்பி அனுப்பினால் கெர்னல் ப்ரோபைப் பிறகு மீண்டும் அழைக்கும். டெவ்_எர்ர்_ப்ரோப் என்ற உதவிச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள். உண்மையான பிழை என்றால் லாகில் அச்சிடும். டிஃபர் என்றால் லாகை நிரப்பாமல் காரணத்தை மட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவதற்காகக் கெர்னல் காட்டும் கோப்புகள்) குறித்து வைக்கும்.

மதிப்பை எழுதுதல்

மின்சாரம் கொடுத்து, ரீசெட்டை விடும் வரிசை இது. லைன்களை வாங்கும்போது ரீசெட்டுக்கு அவுட்_ஹை, பவருக்கு அவுட்_லோ. அதாவது சிப் ரீசெட்டில், மின்சாரம் இல்லை. பிறகு பவர் எனேபிளுக்கு 1. மின்சாரம் நிலைப்பட டேட்டாஷீட் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் ரீசெட்டுக்கு 0. சிப் எழுந்து ஐ2சியில் பதில் சொல்லத் தொடங்க இன்னொரு காத்திருப்பு. இந்த இரண்டாவது நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேசையில் பத்தில் ஒன்பது முறை ஓடும், பத்தாவது முறை முதல் ஐ2சி செய்தியே தோற்கும்.

காத்திருப்பதற்கு எம்ஸ்லீப்(1) என்று எழுதினால் 1 மில்லிவிநாடிதான் ஆகும் என்று நம்ப வேண்டாம், 20 மில்லிவிநாடி வரைகூட இழுக்கலாம். 10 மைக்ரோவிநாடியிலிருந்து 20 மில்லிவிநாடி வரை யுஸ்லீப்_ரேஞ்ச் பொருத்தம். புதிய கெர்னல்களில் எஃப்ஸ்லீப் இருக்கிறது, நேரத்தைப் பார்த்துத் தகுந்ததை அதுவே தேர்ந்தெடுக்கும்.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்ப்ளே பேனல் இரண்டு நாள் கறுப்பாகவே நின்றது. டிவைஸ் ட்ரீயில் ரீசெட் ஆக்டிவ் லோ என்று சரியாகத்தான் இருந்தது. டிரைவரில் நான் டேட்டாஷீட்டைப் பார்த்து 'ரீசெட் செய்ய 0 எழுது, விட 1 எழுது' என்று எழுதியிருந்தேன். கெர்னல் ஒருமுறை திருப்பியது, நான் ஒருமுறை திருப்பினேன். பேனல் ஒரு நொடி விழித்து நிரந்தரமாக ரீசெட்டுக்குள் போய்விட்டது. ஆசிலோஸ்கோப்பைக் காலில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து டிரைவர் கோடில் 1 என்றால் 'ரீசெட் ஆன்' என்று மட்டுமே வாசிக்கிறேன். இதே தவறு ஏற்கெனவே இருக்கும் போர்டில் கண்ணில் பட்டால், டிவைஸ் ட்ரீயில் ஆக்டிவ் ஹை என்று மாற்றி ஓட்டிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தப் பொய்யை நம்பி அடுத்த போர்டும் வந்துவிடும், பிறகு டிரைவரைத் திருத்த வழியே இருக்காது. ஜிபிஐஓடி_செட்_ரா_வேல்யூ என்று, ஆக்டிவ் லோவைப் பார்க்காமல் நேரடியாக எழுதும் செயல்பாடும் உண்டு. சாதாரண டிரைவரில் அதற்கு இடமில்லை.

அடுத்த பிரிவு: தூங்கலாமா, கூடாதா. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் ஜிபிஐஓ என்றால் ஒரு ரெஜிஸ்டரில் எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் எம்சிபி23017 போன்ற 16 லைன் எக்ஸ்பாண்டர் என்றால், ஒரு லைனை மாற்ற ஐ2சி வழியே செய்தி போய் வர வேண்டும். அதற்குள் த்ரெட் தூங்க, அதாவது ஓடாமல் காத்திருக்க, வேண்டியிருக்கும். அதனால் இரண்டு வகைச் செயல்பாடுகள்: ஜிபிஐஓடி_செட்_வேல்யூ, ஜிபிஐஓடி_செட்_வேல்யூ_கேன்ஸ்லீப். தூங்கவே கூடாத இடங்களில், அதாவது இன்டரப்ட் (வன்பொருள் 'இங்கே கவனி' என்று தரும் அழைப்பு) ஹேண்ட்லருக்குள்ளோ ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டோ அழைப்பதாக இருந்தால் மட்டும் முதல் வகை. ப்ரோப், சஸ்பெண்ட், த்ரெட் என்று தூங்க அனுமதி உள்ள இடங்களில் எல்லாம் கேன்ஸ்லீப்தான். உங்கள் போர்டில் ரீசெட் ப்ராசஸரிலேயே இருக்கலாம். வேறொருவர் போர்டில் அது எக்ஸ்பாண்டரில் இருக்கும். முதல் வகையை எழுதியிருந்தால் அவருடைய கெர்னல் லாகில் எச்சரிக்கை கொட்டும்.

பல சிப்கள் சேர்ந்து இழுக்கும் லைன்களுக்கு ஓப்பன் ட்ரெய்ன் வேண்டும். 0 என்றால் கீழே இழு, 1 என்றால் கையை எடுத்துவிடு, புல்-அப் மேலே தூக்கட்டும் என்பது அதன் ஏற்பாடு. இதையும் டிவைஸ் ட்ரீயில் ஒரு கொடியாக (ஃப்ளாக்) சொல்லிவிடலாம். வன்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டாலும், 1 வரும்போது லைனை இன்புட்டாக மாற்றி கெர்னலே அதைச் சமாளிக்கும்.

இன்புட்டும் இன்டரப்ட்டும்

ஒரு லைனைப் படிக்க ஜிபிஐஓடி_கெட்_வேல்யூ, அல்லது அதன் கேன்ஸ்லீப் வகை. 0, 1 தவிர எதிர்ம எண்ணும் வரலாம், அது பிழை. 'இஃப் மதிப்பு' என்று மட்டும் எழுதினால் பிழையும் 1 போலவே தெரியும்.

டேட்டா ரெடி போன்ற லைனைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பது வீண், இன்டரப்ட் வைக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. டிவைஸ் ட்ரீயில் 'இன்டரப்ட்ஸ்' என்று எழுதினால் ஐ2சி க்ளையண்டிலேயே ஐஆர்க்யூ எண் (அந்த இன்டரப்ட்டின் எண்) வந்து நிற்கும். லைனின் மதிப்பைப் படிக்கவே தேவையில்லை என்றால் இதுவே சிறந்தது. மதிப்பும் வேண்டும், இன்டரப்ட்டும் வேண்டும் என்றால் லைனை இன்புட்டாக வாங்கி, ஜிபிஐஓடி_டு_ஐஆர்க்யூ வழியே எண்ணைப் பெறலாம்.

ஒரு நுணுக்கமான கண்ணி இங்கே இருக்கிறது. படிக்கும் மதிப்பு ஆக்டிவ் லோவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்டரப்ட்டின் எட்ஜ் (வோல்டேஜ் மாறும் கணம்) எடுத்துக்கொள்ளாது. ரைசிங் என்றால் வோல்டேஜ் உண்மையிலேயே ஏறுவது, ஃபாலிங் என்றால் உண்மையிலேயே இறங்குவது. டேட்டா ரெடி ஆக்டிவ் லோ என்றால் மதிப்பு 0லிருந்து 1க்குப் போகும் தருணத்தில் வருவது ஃபாலிங் எட்ஜ். இவ்வளவு நேரம் சொன்ன பிரிவினைக்கு இது விதிவிலக்கு. முடிந்தால் எட்ஜ் வகையை டிவைஸ் ட்ரீயின் 'இன்டரப்ட்ஸ்' வரியிலேயே எழுதிவிட்டு, டிரைவரில் எந்த ட்ரிகர் கொடியும் கொடுக்காமல் விடுங்கள். ஜிபிஐஓடி_டு_ஐஆர்க்யூ வழியில் அந்த வசதி இல்லை, வகையை நீங்களே சொல்ல வேண்டும்.

ஹேண்ட்லருக்குள் சென்சாரை ஐ2சியில் படிக்கப் போகிறோம், அதாவது தூங்குவோம். எனவே டெவ்எம்_ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ. முதல் ஹேண்ட்லரை நல் ஆக விட்டு, இரண்டாவதாக த்ரெட் செயல்பாட்டைக் கொடுங்கள். கூடவே ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடி கட்டாயம், இல்லாவிட்டால் பொதுவாகக் கெர்னல் கோரிக்கையையே மறுத்துவிடும்.

இன்டரப்ட்டை ப்ரோபின் கடைசியில் கேளுங்கள். கேட்ட கணமே ஹேண்ட்லர் ஓடலாம், அதற்குள் அது தொடும் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். டெவ்எம் என்று தொடங்கும் செயல்பாடுகள் வாங்கியவற்றை, டிரைவர் போகும்போது கெர்னல் வாங்கியதற்கு நேர்மாறான வரிசையில் தானே விடுவிக்கும் என்பதால், கடைசியில் வாங்கிய இன்டரப்ட் முதலில் போகும். அதுவும் நமக்கு நல்லது. இன்னொன்று: எட்ஜ் வகை என்றால், நாம் கேட்பதற்கு முன்பே லைன் விழுந்துவிட்டிருந்தால் அந்த எட்ஜ் இனி வராது. டேட்டா படிக்கப்படும்வரை லைனை விடாத சிப்பில் எல்லாமே அங்கே உறைந்துவிடும். கேட்டு முடித்தவுடன் ஒருமுறை சிப்பைப் படித்துக் காலி செய்துவிடுங்கள், அல்லது லெவல் வகைக்கு (லைன் அந்த நிலையில் இருக்கும்வரை இன்டரப்ட் தருவது) மாறுங்கள்.

பட்டன் போன்ற இயந்திர ஸ்விட்ச் என்றால் ஒரே அழுத்தலில் லைன் பலமுறை துள்ளும். ஜிபிஐஓடி_செட்_டிபவுன்ஸ் மைக்ரோவிநாடியில் நேரம் கேட்கும். எல்லா வன்பொருளும் அதைச் செய்வதில்லை, திரும்பும் மதிப்பைப் பார்த்து மென்பொருள் டைமருக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் வெறும் பட்டனுக்காக டிரைவர் எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். ஜிபிஐஓ-கீஸ் ஏற்கெனவே இருக்கிறது. எல்இடிக்கு லெட்ஸ்-ஜிபிஐஓ, ஒற்றை லைன் பவர் ஸ்விட்சுக்கு ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்ட். டிவைஸ் ட்ரீயில் சில வரிகளில் முடியும் வேலை அது.

தூங்கும்போதும் போகும்போதும்

சஸ்பெண்டில், அதாவது முழுக் கணினியும் தூங்கப் போகும்போது, முதலில் ரீசெட்டை ஆன் செய்து, அப்புறம் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இந்த வரிசைக்கு மின்னியல் காரணம் இருக்கிறது. சிப்பின் மின்சாரம் போன பிறகும் ஏதாவது ஒரு லைனில் நாம் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தால், சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியே அது உள்ளே கசியும். சிப் பாதி உயிரோடு இருக்கும். மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது சரியாக ரீசெட் ஆகாது, பேட்டரியும் காரணமில்லாமல் இறங்கும். மின்சாரம் இல்லாத சிப்பை நோக்கிய அவுட்புட் எல்லாம் 0 வோல்ட்டில் நிற்க வேண்டும். அந்த லைனில் புல்-அப் இருந்தால், அது எந்தச் சப்ளையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் தாளில் பாருங்கள்.

எதிர்ப்பக்கம்: ஜிபிஐஓ சிப்புக்கே டிரைவர் எழுதினால்

இது குறைவான பேருக்குத்தான் தேவைப்படும். ஹெடர் லினக்ஸ்/ஜிபிஐஓ/டிரைவர்.எச், நடுவில் இருப்பது ஜிபிஐஓ_சிப் என்ற ஸ்ட்ரக்ட். திசையை மாற்ற, படிக்க, எழுத என்று செயல்பாடுகளை நிரப்பி, லைன் எண்ணிக்கையைச் சொல்லி, பேஸ் எண்ணை (முதல் லைனின் எண்) -1 என்று விட்டு, டெவ்எம்_ஜிபிஐஓசிப்_ஆட்_டேட்டா அழைத்தால் பதிவாகிவிடும். எக்ஸ்பாண்டர் என்றால் கேன்_ஸ்லீப்பை உண்மை என்று வைக்க மறக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது பூட்டு. முதல் ராஸ்பெரி பையின் பிசிஎம்2835 சிப்பில் 54 ஜிபிஐஓ லைன்கள். ஒரு லைனை உயர்த்த ஒரு ரெஜிஸ்டர், தாழ்த்த வேறொரு ரெஜிஸ்டர். உரிய பிட்டில் 1 எழுதினால் அந்த லைன் மட்டும் மாறும், மற்றவை அசையாது. அதனால் மதிப்பை மாற்றப் பூட்டே வேண்டாம். ஆனால் அதே சிப்பில் திசையை வைத்திருக்கும் ரெஜிஸ்டரில், லைன் ஒன்றுக்கு 3 பிட் வீதம், 10 லைன்கள் சேர்ந்து இருக்கின்றன. ஒன்றை மாற்ற முழுதையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தால் ஒருவருடைய மாற்றம் காணாமல் போகும். அங்கே பூட்டு கட்டாயம். இன்புட்டை அவுட்புட்டாக்கும்போது முதலில் மதிப்பை எழுதி, பிறகு திசையை மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒரு கணம் பழைய மதிப்பு வெளியே போய்விடும். ரீசெட் லைனில் அந்த ஒரு கணமே போதும்.

சோதனை

போர்டு கையில் இல்லையா? 5.17 கெர்னலிலிருந்து ஜிபிஐஓ-சிம் என்ற பொய்ச் சிப் இருக்கிறது. கான்ஃபிக்எஃப்எஸ் (கோப்புகள் மூலம் கெர்னலை அமைக்கும் வழி) வழியே லைன்களை உருவாக்கி, மேலே கீழே இழுத்து, உங்கள் இன்புட் கோடை ஓட்டிப் பார்க்கலாம்.

போர்டு வந்த பிறகு, டிரைவர் ஏறியதும் ஜிபிஐஓஇன்ஃபோ கட்டளையைக் கொடுங்கள். உங்கள் லைனுக்கு எதிரில் 'ரீசெட்' என்ற பெயரும், அவுட்புட் என்பதும், ஆக்டிவ் லோ என்பதும் தெரிய வேண்டும். /சிஸ்/கெர்னல்/டீபக்/ஜிபிஐஓ கோப்பும் இதையே காட்டும். டிரைவர் ஏறவே இல்லை என்றால், அதே டீபக் அடைவில் டிவைசஸ்_டிஃபர்ட் கோப்பில் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதியிருக்கும்.

அடுத்து மல்டிமீட்டர். ரீசெட் ஆன் என்று டிரைவர் சொல்லும்போது காலில் 0 வோல்ட் இருக்கிறதா? மின்சாரம் நிறுத்திய நிலையில் சிப்பின் சப்ளைக் காலில் 0 இருக்கிறதா, அல்லது எங்கிருந்தோ 1 வோல்ட் கசிந்து நிற்கிறதா? பிறகு டிரைவரைச் சிப்பிலிருந்து கழற்றுவது (அன்பைண்ட்), மறுபடி மாட்டுவது (பைண்ட்) என்று ஒரு நூறு முறை சுற்றில் ஓடவிடுங்கள். காத்திருப்பு நேரம் குறைந்திருந்தால் முதல் ஐ2சி செய்தியில் அங்கங்கே தோல்வி தெரியும். லைனை எங்காவது விடாமல் வைத்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே ஈபிஸி வந்து நிற்கும்.